கும்பகோணத்துக்கு ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு வாங்க!



போன இதழில் மழைக்காலத்துக் கஷாயங்களைப் பற்றிப் பேசினோம். இந்தத் தடவை கொஞ்சம் வெளியே கிளம்பலாமா?

எனக்குப் பிறந்த ஊர் கும்பகோணம். வாழ்க்கைப்பட்டது திருத்துறைப்பூண்டியில். இங்கே வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் யார் வீட்டில் கும்பகோணப் பிரயாணம் என்றாலும், முதல் நாள் சாயங்காலம் என்னிடம்தான் வருவார்கள். "அண்ணி, முதல்ல எந்தக் கோயிலுக்குப் போறது? எங்கே சாப்பிடறது? ஒன்பது நவக்கிரகத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?" என்று கேள்வி மேல் கேள்வி. வாசகியர் சிலருக்கும் இதே சந்தேகம் இருக்கும் என்பதால், பிறந்த வீட்டுக்காரி என்கிற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் கும்பகோணத்தைப் பார்க்க முடியாது. பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் முடியும். அதிலும் குடும்பத்தோடு வருகிற பெண்களுக்கு அந்த ஒரு நாள் என்பது பெரிய தண்டனை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கட்டி, குழந்தைகளைக் கிளப்பி, வேனில் ஏறி, கோயில் கோயிலாக இறங்கி ஏறி, ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பாத்திரத்தையும் அவளே தேய்க்க வேண்டும். மறுநாள் காய்ச்சல், கால்வலி. "சாமி பார்த்தியா?" என்று கேட்டால், "முதுகைத்தான் பார்த்தேன்" என்பாள். ஆகவே ரெண்டு நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் பாதி ஊரைப் பார்த்துவிட்டு, மீதியை இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

எந்த மாசம் வரலாம்?

கும்பகோணம் ரெண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் ஊருக்கே ஒரு களை. மேட்டூர் அணையை ஜூன் 12ந் தேதி திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்துச் சில வருஷங்களில் இது முன்னே பின்னே ஆகும். மாசி, பங்குனி, சித்திரையில் வந்தால் காவிரியில் மணலும் நாணலும்தான் தெரியும்.

ஆடிப் பதினெட்டு அன்று படித்துறைகளில் நிற்க இடமிருக்காது. புது மணப்பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொள்வதும், காதோலை கருகமணி, மஞ்சள், பூ வைத்துக் காவிரியம்மனைக் கும்பிடுவதும், சித்ரான்னங்களைப் பிரித்துப் பரிமாறுவதும் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் கைக்குழந்தையும் வயசானவர்களும் இருந்தால் அந்த நாள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. என் அபிப்பிராயத்தில் ஆவணி, புரட்டாசியும் தை மாசமும் ரொம்பச் சௌகரியம்.

எப்படி வரலாம்?

எங்கள் பக்கத்துக்காரர்கள் மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக வரலாம். திருவாரூர் வழியாகவும் வரலாம். நீடாமங்கலம் வழியாக வந்தால் வழியிலேயே ஆலங்குடி இருக்கிறது. குரு பகவான் தலம். அதை ஒரு தனிப் பிரயாணமாக வைத்துக்கொள்ள வேண்டாம், போகிற வழியிலேயே இறங்கித் தரிசனம் செய்துவிடலாம். வியாழக்கிழமை மட்டும் கூட்டம் அதிகம்.

சென்னைக்காரர்கள் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் வருகிற ஸ்டேஷன். ஸ்டேஷனிலிருந்து மகாமகக் குளம் பக்கம்தான். ஊருக்குள் சுற்ற ஆட்டோ உண்டு. ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021ம் வருஷத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சுவாமிமலை, தாராசுரம், திருநாகேஸ்வரம் எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் போகிறது. கையில் பெரிய மூட்டை இல்லையென்றால் அதுவே போதும்.

நவக்கிரகமும் ஒரே நாளும்

ஒன்பது கோயிலும் கும்பகோணத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சந்திரனுக்கு உரிய திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம். கேதுவின் கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார் பக்கம், கிட்டத்தட்டக் கடற்கரை. சனீஸ்வரனின் திருநள்ளாறு காரைக்காலை ஒட்டி. புதனின் திருவெண்காடும் செவ்வாயின் வைத்தீஸ்வரன்கோயிலும் சீர்காழி வட்டாரத்தில். இவ்வளவையும் ஒரே பகலில் பார்ப்பது என்றால், பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டமும் நடையும்தான்.

நேர்த்திக்கடன் இருந்தால் தனியாக மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், இவற்றோடு வழியில் ஆலங்குடி, இந்த நாலு போதும். சாமி கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் நாள்: ஊருக்குள்ளே

காலையில் ஆறு மணிக்குக் காவிரிக்கரைக்குப் போய்விடுங்கள். பகவத் படித்துறையோ சக்கரப் படித்துறையோ, எது பக்கமோ அது. அங்கிருந்து சக்கரபாணி கோயில். பிறகு தெற்கே நடந்தால் சாரங்கபாணி கோயில். பதினோரு நிலை ராஜகோபுரம். குதிரையும் யானையும் இழுக்கும் தேர் போலக் கருவறை. இங்கே உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று ரெண்டு உண்டு. தை முதல் ஆனி வரை ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை இன்னொன்று. நீங்கள் எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தமிழ் மாசங்களைத் தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

வெளியே வந்தால் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இங்கேதான் இருக்கிறது. இப்போது சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ஓட்டு வீடு, திண்ணை, சின்ன அறை, அவ்வளவுதான். இந்த வீட்டிலிருந்து போனவர்தான் 1914ல் கப்பலேறி கேம்பிரிட்ஜுக்குப் போய், 1918ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். இதே ஊர் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தவரும் அவர்தான். மார்க் குறைந்த பிள்ளையைத் திட்டுகிற தாய்மார்கள் அந்தத் திண்ணையில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து வரலாம். அவருடைய அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வீட்டில் மாணவர்களைத் தங்க வைத்தும் குடும்பத்தை நடத்தியவர். மேதையைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாவையும் நினைத்துக்கொள்ள வேண்டாமா?

அடுத்து பொற்றாமரைக் குளத்தைத் தாண்டினால் ஆதி கும்பேஸ்வரன் கோயில். பிரளயத்தில் மிதந்து வந்த அமுத கும்பம் உடைந்து, மணலோடு அமுதம் கலந்து லிங்கம் ஆனது என்று தலபுராணம். ஊர்ப் பெயரும் அதனால் வந்ததுதான். அம்பாள் மங்களாம்பிகை. சன்னதிக்குப் போகிற நீண்ட மண்டபம் முழுக்கக் கடைகள். போகும்போது கடையைப் பார்க்காதீர்கள். வரும்போது பாருங்கள், இல்லையென்றால் நடை சாத்திவிடுவார்கள்!

பன்னிரண்டு மணிக்குமேல் தங்கும் இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. அந்த வெயிலில் கல் தரையில் நடக்கக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சாயங்காலம் ராமசாமி கோயில். தஞ்சை நாயக்கர் ரகுநாதர் கட்டியது. ராமரும் சீதையும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் உட்கார்ந்திருக்க, அனுமார் கையில் வீணை. பிராகாரத்துச் சுவரில் ராமாயணம் முழுக்க வரிசையாக ஓவியம். பாட்டி பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே ஒரு சுற்று வந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அங்கிருந்து மகாமகக் குளம். சுற்றிலும் பதினாறு மண்டபம். நாயக்கர்களின் மந்திரி கோவிந்த தீட்சிதர் கட்டியவை. வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில். அங்கே நவகன்னிகைகள் என்று ஒன்பது நதிகளும் பெண்களாக நிற்கிறார்கள். நதி என்றாலே பெண்தான் நம் ஊரில்.

ரெண்டாம் நாள்: ஊரைச் சுற்றி

காலையில் முதலில் தாராசுரம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஐராவதேஸ்வரர் கோயில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டியது. 2004ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும். இதைப் பார்க்கக் குனிந்து பார்க்க வேண்டும். அறுபத்து மூன்று நாயன்மார் கதையும் சின்னச் சின்னச் சிற்பமாக வரிசையாக இருக்கிறது. கல் தேர், கல் குதிரை. ஒரே தலை, இந்தப் பக்கம் மறைத்தால் யானை, அந்தப் பக்கம் மறைத்தால் காளை. பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். வயசானவர்கள் அதுவரை நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.

அடுத்தது சுவாமிமலை. அறுபது படி, அறுபது தமிழ் வருஷத்தின் பெயர். மூட்டுவலிக்காரர்கள் இருபது படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். உங்கள் பிறந்த வருஷத்துப் படி வந்தால் நிற்க ஒரு சாக்கும் ஆச்சு! கீழே தெருவில் ஸ்தபதிகள் வீடுகளில் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதைப் பார்க்கலாம். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறாகிய தாய் வெறும் சோறு மட்டும் போடவில்லை, சாமியையும் செய்து கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் எதிர்ப்பக்கம் திருநாகேஸ்வரம், அதை ஒட்டினாற்போல் உப்பிலியப்பன் கோயில். பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம். பிளட் பிரஷர் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற வீட்டுக்காரர்களை இங்கே ஒருமுறை அழைத்து வாருங்கள். உப்பில்லாமலும் ருசி உண்டு என்று பெருமாளே சாட்சி சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கோங்க

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம். கோயில் பட்டியல் எந்தப் புஸ்தகத்திலும் கிடைக்கும்.

பாதம்: எங்கள் பெரிய நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி, பன்னிரண்டு வருஷமாக. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாசம் உறவுக்காரர்களோடு வேனில் கோயில்களுக்குப் போனார். மத்தியானம் நடை சாத்துவதற்குள் ஓட வேண்டும் என்று வெளிப் பிராகாரத்தைச் சுடுகல்லிலேயே சுற்றியிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் குதித்துக் குதித்து நடந்தார்களாம். இவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் சுடலையே, சாமி கிருபை" என்று நிதானமாக நடந்தாராம். அது கிருபை இல்லை, சகோதரிகளே. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள்தான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்தார்கள். அது புண்ணாகி ஆற மூன்று மாசம் ஆயிற்று. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று வீடே நடுங்கியது. நல்லவேளையாக அவ்வளவு தூரம் போகவில்லை.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் பத்தரை மணிக்குமேல் நாலு மணிவரை கல் தரையில் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். கெட்டியான பருத்திக் காலுறை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். ராத்திரி படுக்கும்முன் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

தண்ணீர்: வெளியூர் என்றால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். கழிவறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயம். தண்ணீரைக் குறைப்பதும் அடக்கி வைப்பதும் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். அதற்கு ஒரே வழி: ஒரு அறை எடுத்துத் தங்குவது. "ஒரு ராத்திரிக்கு ரூமா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், அது ஆடம்பரம் இல்லை, பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் அவசியம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பகலில் ஓட்டலில் சாப்பிடும்போதெல்லாம், தேவை இருக்கோ இல்லையோ, கழிவறைக்குப் போய்விட்டே கிளம்புங்கள். பையில் சோப்புத் துண்டு ஒன்று இருக்கட்டும்.

மாத்திரை: தரிசனம் முடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பார்கள் சிலர். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வியர்வையும் படபடப்பும் கைநடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டும். முந்தானையில் நாலு கற்கண்டு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை "ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளக் கூடாது.

இன்னொரு மாத்திரை இருக்கிறது. கோயில் பிரயாணம் என்றவுடன் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிட்டாள் என்று நாமும் சாப்பிடும் விஷயம் இல்லை இது. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், மார்பகப் புற்றுக்கு வைத்தியம் செய்துகொண்டவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். தேதி இடித்தால் பிரயாணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஆயிரம் வருஷமாக நிற்கிற கோயில் அடுத்த வாரமும் நிற்கும்!

என்ன சாப்பிடலாம்? என்ன வாங்கலாம்?

டிகிரி காபி இல்லாமல் கும்பகோணமா? இப்போது சென்னை ரோடு நெடுகிலும் பித்தளை டவராவை அடுக்கி வைத்து 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். டவராவில் ஒன்றும் இல்லை. விஷயம் பாலில் இருக்கிறது. தண்ணீர் சேர்க்காத பசும்பால், முதல் டிகாக்ஷன், கலந்தவுடன் குடிப்பது, இந்த மூன்றும்தான் ரகசியம். மறுபடி சூடு பண்ணினால் போச்சு.

காலை டிபனுக்கு இட்லியோடு கடப்பா கேளுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பேரே புதுசாக இருக்கும். வீட்டில் செய்ய நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். பாசிப்பருப்பு அரை ஆழாக்கு எடுத்துக் குழைய வேகவையுங்கள். மூன்று உருளைக்கிழங்கை வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் நாலு, பூண்டு மூன்று பல், சோம்பும் கசகசாவும் ஒவ்வொரு டீஸ்பூன், பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், எல்லாவற்றையும் நைசாக அரையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, ரெண்டு வெங்காயத்தை வதக்கி, உருளை, பருப்பு, அரைத்த விழுது, உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். சாம்பார் ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளட்டும்.

பாத்திரக்கடைகளில் பித்தளை எடை போட்டுத்தான் விற்பார்கள். எடையையும் அன்றைய விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சமைக்கிற பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் இல்லாத பித்தளையில் புளி, மோர், எலுமிச்சை வைக்கவே கூடாது, களிம்பு இறங்கும். குத்துவிளக்கு வேண்டுமானால் நாச்சியார்கோயிலுக்குப் போங்கள். பத்து கிலோமீட்டர்தான். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாகத் திருகிப் பொருத்துவது. வாங்கும்போது நாலையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஆடாமல் நிற்க வேண்டும். பட்டுப்புடவைக்குத் திருபுவனம்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலை, காரம் குறைவு. தாம்பூலத் தட்டுக்கு வாங்கிப் போங்கள். ஆனால் புகையிலை கூடவே கூடாது. பாக்கும் வாய்ப்புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையோடு கொஞ்சம் ஓமம் வைத்து மென்றால் போதும்.

ஆற்றிலும் குளத்திலும் ஜாக்கிரதை

காவிரி பார்க்கச் சாதுவாகத்தான் இருப்பாள். படித்துறையின் கடைசிப் படிகளில் பாசி இருக்கும். அதைத் தாண்டினால் பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மேலே தண்ணீர் திறந்துவிட்டால் சட்டென்று வேகம் கூடும். நின்ற படியிலேயே சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும். "நீ பார்த்துப்பேன்னு நான் நினைச்சேன்" என்று பின்னால் பேசிப் பிரயோஜனமில்லை.

மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 1992 பிப்ரவரி 18ந் தேதி மகாமக நெரிசலில் ஏறக்குறைய ஐம்பது பேர் உயிர் போனது. 2004லும் 2016லும் கூடுதல் ஏற்பாடுகளோடு நடந்தது. 2016ல் விழா பிப்ரவரி 13லிருந்து 22 வரை பத்து நாள். அந்தப் பத்து நாளில் எந்த நாள் நீராடினாலும் புண்ணியம்தான் என்று பெரியவர்களே சொன்னதால், ஜனங்கள் பிரிந்து பிரிந்து வந்தார்கள். அடுத்த மகாமகம் 2028ல். இப்போதே சொல்லி வைக்கிறேன்: மாமியாரையும் குழந்தையையும் அழைத்து வருவதாக இருந்தால் கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் நாலைந்து நாளுக்குள் வந்து குளித்துவிட்டுப் போய்விடுங்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பேரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

உங்களுக்கென்று அரை மணி

கடைசியாக ஒன்று. ரெண்டு நாளில் ஒரு அரை மணி நேரம் உங்களுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிடுங்கள். பையை மாமியார் பக்கத்தில் வையுங்கள். சாயங்காலம் அஞ்சரைக்குப் படித்துறையில் மேல்படியில் தனியாக உட்காருங்கள். எந்த வேண்டுதலும் வேண்டாம். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் போதும்.

எங்கள் திருத்துறைப்பூண்டி கடைமடை. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிகிற வெண்ணாற்றுக் கிளைகளில் எல்லா ஊரும் எடுத்துக்கொண்டது போக மீதிதான் முள்ளியாற்றில் எங்களுக்கு வந்து சேரும். வீட்டில் பெண்கள் சாப்பிடுவதும் அப்படித்தானே, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு? அந்த அரை மணி நேரமாவது நாம் தலைமடையில் உட்காரலாம். தப்பில்லை.

போய் வந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். கோயில் எத்தனை என்று எழுத வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.